ஜான்சன் போட வேண்டிய கையெழுத்து

1.

இந்தக் கதை என் மனசாட்சியில் பிறந்தது என்று எழுத ஆசை. உண்மையில் பிறந்தது செங்கல்பட்டு மாலை வகுப்பில். கதை எழுதச் சொல்லித்தரும் பிரபாவதி மேடம் ஆளுக்கொரு கதை கேட்டார். முடிவு இல்லாவிட்டால் திருத்த மாட்டாராம். என்னிடம் நாட்குறிப்பு மட்டும்தான் இருந்தது. அதில் ஒரு வழக்கு இருந்தது.

2.

முதல் முயற்சி: மாமல்லபுரத்துக் கடல் அன்று சீற்றத்துடன்

(இல்லை. கடல் சும்மாத்தான் கிடந்தது.)

இரண்டாம் முயற்சி: நாங்கள் ஏழு பேர் அரசாங்கத்தின் மீது வழக்குப் போடுகிறோம். நிலக்கரியையும் டீசலையும் எப்போது நிறுத்துவீர்கள், தேதி சொல்லுங்கள் என்று கேட்கிறோம். எங்களில் அன்பரசிக்குப் பதினேழு வயது. பள்ளி பிரேயரில் வெயில் தாங்காமல் மயங்கி விழுந்தவள். மனுவின் முதல் பக்கமே அவள்தான்.* மைனர் என்பதால் அவள் சார்பில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அவள் பெயரை எடுத்துவிடுவார்கள். திங்கட்கிழமை மனு தாக்கல்.

அப்பா ஜான்சன் டீசல் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.

* எனக்கு வியர்த்தது மட்டும்தான். வக்கீல் திவ்யா அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

3.

கேளம்பாக்கம் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் நானும் அன்பரசியும் அவரைப் பிடித்தோம். அங்கே வண்டி நிரம்பும்வரை யாரும் இன்ஜினை அணைப்பதில்லை. அணைத்தால், இது இப்போதைக்குக் கிளம்பாது என்று ஜனங்கள் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள். எங்களையும் உள்ளே உட்காரச் சொன்னார். ஆள் இருந்தால்தான் ஆள் ஏறும். ஆக, உலகைக் காக்கும் மனுவை நான் டீசல் புகைக்குள் உட்கார்ந்து கத்திப் படித்தேன். [இவ்வளவு வசதியான குறியீட்டை நானே நம்ப மாட்டேன். ஆனால் நடந்தது.] எங்களை நம்பி ஏறிய ஒரு அம்மா, கேஸை அப்புறம் போடு, முதலில் வண்டியை எடு என்றார்.

டீசல் வண்டிகள் பற்றிய வரி வந்ததும் ஜான்சன் திரும்பினார்.

"கேஸு கவர்மெண்டு மேலதான?"

"ஆமாப்பா," என்றாள் அன்பரசி.

"அப்ப என் வண்டி எதுக்கு வந்துச்சு? நா இன்னா கவர்மெண்டா?"

"உனக்கு வேற வண்டி குடுக்கச் சொல்லி கேக்கலாம்பா."

"கேக்கலாமா, கேட்டுகீறீங்களா?"

கேட்கவில்லை. மனுவை வரிவரியாகச் சரிபார்த்தவள் நான். அதில் எழுத்துப்பிழை இல்லை, ஜான்சனும் இல்லை.

"சேத்துக்கலாம்," என்றாள் அன்பரசி. "ஆனா நா மயங்கி வுழுந்தப்ப நீதான இதே வண்டில தூக்கினு போன. அத மறந்துட்டியா?"

ஜான்சன் மனுவை வாங்கிச் சீட்டுக்கு அடியில் செருகினார். வண்டி நிரம்பிவிட்டிருந்தது. எங்களை இறக்கிவிட்டுக் கிளம்பினார்.

4.

முடிவு அ: கையெழுத்துப் போட்டார். மகளை அணைத்தார். கண் கலங்கி

(புகையில் வேண்டுமானால் கலங்கும்.)

முடிவு ஆ: போடவில்லை. பதினெட்டு ஆனதும் அன்பரசி தனியாக வழக்குப் போடுகிறாள். நடுவில் இன்னொரு கோடை.

இரண்டையும் இன்று, ஞாயிற்றுக்கிழமை, அன்பரசியிடம் காட்டினேன். முதலாவதை இரண்டு முறை படித்தாள்.

"நல்லாத்தான் கீதுக்கா. ஆனா கதைலகூட எங்கப்பா கையெழுத்த நீ போடாத."

இரண்டு முடிவையும் அடித்துவிட்டேன். பிரபாவதி மேடம் திருத்தாவிட்டால் போகட்டும்.

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை உங்கள் கையில் கொடுப்பது மரியாதை. கொடுக்கிறேன். மனு இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. நாளை காலைவரை எங்களோடு நீங்களும் காத்திருக்கலாம். கையெழுத்தை மட்டும் நீங்களும் போட்டுவிடாதீர்கள்.