காதுக்காரர்

...சிவப்பு வண்டியா வெள்ளை வண்டியா, இவ்வளவுதானே கேள்வி, இதற்குப் போய் ஏன் இவ்வளவு தயக்கம், முப்பது வருஷமாகப் பழைய ஜப்பான் வண்டிகளை மதிப்பிட்டுச் சொல்கிறவர், சந்தையில் காதுக்காரர் என்றால்தான் தெரியும், பானட்டைத் திறக்காமலே, சத்தத்தை வைத்தே, இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ தேய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாராம்... வலது காது அடியோடு போய் ஒரு வருஷமாகிறது, இடது காதில் பேச்சு விழுகிறது, மெல்லிய சத்தம் எதுவும் எட்டுவதில்லை, இது சந்தைக்கு எப்படித் தெரியும்? வண்டி வாங்க வந்த பல் டாக்டர் விற்பனைக் கொட்டகையில் இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் நின்றார், படிக்கிற காலத்திலிருந்தே ஆசையாம், ஒன்றைத்தான் வாங்க முடியுமாம்... ஒப்பிடுவதில் என்ன கஷ்டம், சிவப்பில் பின்சக்கரங்கள் மட்டும் உந்தும், முதலில் ஒரு டர்போ எழும், இரண்டாவது பிறகு, ஒரு கணம் மூச்சைப் பிடித்துவிட்டு முதுகில் அறைகிற வண்டி, ஈரச் சாலையில் அசந்தால் ஆளையே சுழற்றிவிடும். வெள்ளையில் நாலு சக்கரமும் உந்தும், இரண்டு டர்போவும் சேர்ந்தே எழும், அரைகுறையாக ஓட்டுகிறவனையும் கெட்டிக்காரனாகக் காட்டும், சேகரிப்பவர்களிடம் அதற்குத்தான் மவுசு... ஆனால் இதைச் சொல்லவா அவரைக் கூப்பிட்டார்கள்? ஆறு மாதமாகக் கூடவே வந்து அறிக்கை எழுதும் மகள், வெள்ளை வண்டியில் ஏறி உட்கார்ந்து முடுக்கினாள், உறுமல் நெஞ்சில் மோதியது, அதற்கு மேல் கேட்க வேண்டிய இடத்தில் பஞ்சு அடைத்தாற்போல் ஒன்றுமில்லை.

"கீச்சுனு ஒரு சத்தம் வருதே சார், அது வரலாமா?" என்றார் டாக்டர்.

கீச்சென்றா? எங்கே? நல்ல டர்போவும் விசிலடிக்கும், தேய்ந்ததும் கீச்சிடும், நூலளவு வித்தியாசம், அந்த நூலை வைத்துத்தானே இத்தனை வருஷம் சோறு... கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை, நாக்கு நுனி வரை வந்தது, திரும்பிப் போயிற்று.

"இந்த வண்டிக்கு அது வழக்கந்தான் டாக்டர். தைரியமா எடுங்க."

இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிய மகள், காலையில் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அறிக்கையை டாக்டரிடம் நீட்டினாள். டாக்டர் படித்தார், நெற்றி சுருங்கியது.

"டர்போ தேய்ஞ்சிருக்கு, கழட்டிப் பாக்காம வாங்க வேண்டாம்னு இதுல போட்டிருக்கே?"

"நேத்து ஓட்டிப் பாத்தப்பவே அப்பா சொன்னது சார். இப்ப உங்க ஆசையைப் பாத்ததும் மனசு கேக்கலை போல." மகள் அப்பா பக்கம் திரும்பவேயில்லை. "சிவப்பு சுத்தமா இருக்கு, அதை எடுங்க."

டாக்டர் சிரித்துவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார், என்னவோ சொன்னார், நல்ல வார்த்தையாகத்தான் இருக்கும்... நேற்றைக்குக் காதுக்காரர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை, டீ நன்றாயில்லை என்று மட்டும்தான் சொன்னார். வெளியே வந்ததும் மகள் சுற்றிக்கொண்டு அவருடைய இடப்பக்கம் வந்து, "வீட்டுக்குப் போலாமாப்பா?" என்றாள், கொஞ்சம் நிறுத்தி, கொஞ்சம் உரக்க, எப்போதும் பேசுகிற மாதிரியே... எப்போதுமா? எப்போதிலிருந்து? அவர் தலையாட்டினார், காரில் ஏறினார், பெல்ட்டை மாட்டினார். ஆறு மாதத்தில் எத்தனை வண்டிகள், எத்தனை அறிக்கைகள், அவள் நீட்டிய இடத்திலெல்லாம் பேனாவை வைத்தாரே, அதில் ஒன்றையாவது படித்துப் பார்த்தாரா?