ஒந்தினா வந்தால் அடிக்கும் மணி

நாட்டை ஆண்ட தலைவரின் மகள் ஒந்தினா எந்த ஊர்த் தெருவில் இறங்கினாலும் அந்த ஊர் மாதா கோயில் மணி தானாகவே அடிக்கும். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். ரோமாபுரியில் கோயில்கள் அதிகம் என்பதால், எப்படியும் மணியடிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவளை வெளியே அழைத்துப் போனார்கள். செய்தித்தாள்கள் அதையும் தலைவரின் சாதனையாக்கின, கோதுமை விளைச்சலுக்கு அடுத்த வரியில். ஒந்தினாவுக்கு நினைவிருப்பது வேறு. காவலுக்கு வந்த கறுப்புச் சட்டைப் படையினர் தள்ளி நிற்க, அப்பா ஆரஞ்சுத் தோலை அறுபடாமல் ஒரே சுருளாக உரித்து அவள் கையில் வளையலாகப் போட்டுவிடுவார்.

போரில் நாடு தோற்றது, தலைவரைக் கொன்றார்கள். அவள் எங்கே குடிபோனாலும் மணி காட்டிக்கொடுத்தது, ஊரார் துரத்தினார்கள். கடைசியில் மலைமேலுள்ள மொந்தெகார்வோவுக்கு வந்தது பெரிய வியாழனன்று. ஆண்டவர் பாடுபட்ட நாட்கள் என்று மணிகளின் நாக்கைக் கட்டியிருந்ததால், யாருக்கும் தெரியாமல் வீடு பிடித்துவிட்டாள். சனிக்கிழமை கயிற்றை அவிழ்த்ததும் குட்டு உடைந்தது. ஆனால் கொடுத்த சாவியைத் திருப்பிக் கேட்பது அந்த ஊரில் வழக்கமில்லை.

ரொட்டிக்கடை எர்சிலியாவின் கணவனைத் தலைவரின் ஆட்கள் தீவுச் சிறைக்குக் கொண்டுபோனார்கள், ஆள் திரும்பவில்லை. "உங்கப்பன் வந்தாலும் மணியடிக்கச் சொன்னாங்க, நீ வந்தாலும் மணி. எங்க காதுக்கு எப்பத்தான் விடிவு?" என்று குட்டு உடைந்த அன்றே ஒந்தினாவிடம் கேட்டாள். பிறகு பதினெட்டு வருடம் ஒரு பேச்சில்லை. ரொட்டியைப் பலகையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஊர் பழகிவிட்டது. வேளை தவறி மணியடித்தால் ஒந்தினா ரொட்டிக்குப் போகிறாள் என்று காப்பியை அடுப்பில் வைத்தார்கள். மணி கேட்கும்போதெல்லாம் ஒந்தினாவுக்கு ஆரஞ்சு மணக்கும். அப்பா செய்தது அத்தனையும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் அப்பாவுக்காக ஏங்குவாள். எர்சிலியாவின் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்கு அதைவிட அதிகமாக ஏங்கினாள்.

பெரிய வியாழனும் வெள்ளியும்தான் அவளுடைய திருநாள். மணி கட்டியிருக்கும்; யாருடைய மகளாகவும் இல்லாமல் தெருவெல்லாம் சுற்றுவாள். அப்படி ஒரு பெரிய வெள்ளியன்று நிதானமாகச் சுற்றிவிட்டுக் கடைக்குள் நுழைந்தபோது எர்சிலியா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மணியைக் கட்டிப்போட்டா நீ வர்றது எனக்கு எப்படித் தெரியும்? ரொட்டி ஆறிப்போச்சு பாரு" என்றாள். துணியில் சுற்றி வைத்திருந்ததை ஒந்தினாவின் கையிலேயே கொடுத்தாள். ஒந்தினா நின்ற இடத்திலேயே அழுதாள். அப்பா செத்தபோதுகூட அப்படி அழுததில்லை.

அடுத்த வருடத்திலிருந்து அந்த நாட்களிலும் சின்ன மணியை மட்டும் கட்டாமல் விட்டார்கள். ஆண்டவர் கல்லறையில் இருக்கும்போது மணியா என்று சாமியார் கேட்டார். ரொட்டி ஆறிவிடும் என்றாள் எர்சிலியா.