காலை ஐந்தரை

"அடக்கம் நாளை பத்து மணி" என்று கைப்பேசியில் தட்டிக்கொண்டிருந்த மச்சானின் விரலை டைம்கீப்பர் எட்டிப் பிடித்தார்.

"அழிங்க மச்சான். அஞ்சரைன்னு போடுங்க."

"சாயங்காலம் அஞ்சரையா? அதுவரைக்கும் எப்படி வெச்சிருக்கிறது?"

"காலைல அஞ்சரை."

மச்சான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்து அறையில் அவருடைய தங்கை, மூன்று மணி நேரத்துக்கு முன்னால் இறந்துபோனவள், வெள்ளைப் போர்வைக்குள் கிடந்தாள். துக்கத்தில் மனுஷனுக்குப் புத்தி பிசகுவது உண்டுதான். ஆனால் இவ்வளவு சீக்கிரமாகவா என்று அவர் முகம் கேட்டது.

டைம்கீப்பருக்குப் புத்தி நன்றாகவே இருந்தது. பஸ் டெப்போவில் முப்பத்துநான்கு வருஷம் வண்டிகளுக்கு நேரம் குறித்தவர். ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகியும் அந்தப் பெயர் மட்டும் அவரை விட்டு இறங்கவில்லை. மனைவி, மில் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் இருந்த அரசாங்கக் கிளினிக்கில் டாக்டர். ஐந்து மாதமாகப் படுக்கையில் இருந்தாள். அன்று மதியம் ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கச் சொன்னாள். விலக்கிவிட்டுத் திரும்பினால் ஆள் இல்லை. வலி இல்லாமல், வெளிச்சத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவருக்கு அழுகையும் வந்தது, ஒரு நிறைவும் வந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"டாக்டர்கள் சங்கத்துலேர்ந்து வருவாங்க. நம்ம சொந்தக்காரங்க பாதிப்பேர் வெளியூர். விடியறதுக்கு முன்னாடி யாரு மாப்பிள்ளை வருவா?"

"சங்கத்துக்காரங்ககிட்ட கார் இருக்கு, எப்ப வேணா வருவாங்க. சொந்தக்காரங்களுக்கு இன்னும் ஒரு ராத்திரி முழுசா இருக்கு. மில் கேட்டு ஆறரைக்கு மூடிடும் மச்சான். ஒரு நிமிஷம் தாமதிச்சாலும் அன்னிக்கு வேலை கிடையாது. பத்து மணின்னு போட்டா லைன் வீட்டுப் பொம்பளைங்க ஒருத்தர்கூட வர முடியாது. அவங்க வராம இவளை நான் அனுப்ப மாட்டேன்."

இதற்குப் பின்னால் பழைய கதை ஒன்று உண்டு. அவள் அந்தக் கிளினிக்குக்கு வந்த புதிதில், மில் லைன் வீடுகளில் வருஷத்துக்குப் பத்துப் பேராவது பக்கவாதத்தில் விழுந்தார்கள். நாற்பது வயதுகூட ஆகாத பெண்கள். மெயின் ரோட்டு வீடுகளில் அதே வயதுக்காரர்கள் சௌக்கியமாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கிளினிக்கில் இலவசம், வாங்கத்தான் ஆள் இல்லை. டாக்டரம்மா லைன் வீடுகளுக்கே போய் எல்லாரையும் கூட்டி வைத்து, உயிர்மேல் அக்கறை இல்லையா என்று ஒரு பிடி பிடித்தாள். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். நூல் பிரிவில் வேலை செய்த ஒருத்தி மட்டும், பாபின்காரி என்று பெயர், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாளாம்: "அக்கறையெல்லாம் இருக்கும்மா. நீங்க ஒன்பதுக்குத் தெறந்து நாலுக்கு மூடுறீங்க. நாங்க ஆறரைக்கு உள்ள போய் அஞ்சுக்கு வெளிய வர்றோம். எங்க உயிரு லீவு போட்டாத்தான் உங்களைப் பார்க்க முடியும்."

அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"ஏங்க, ஒரு பஸ்ஸு தினமும் காலியாவே ஓடுதுன்னா யாரு தப்பு? ஜனங்க தப்பா?"

"ஜனங்க மேல எப்படித் தப்பு வரும்? நேரம் போட்டவன் தப்பு."

"அப்ப எனக்கு ஒரு நேரம் போட்டுக் கொடுங்க."

போட்டுக் கொடுத்தார். செவ்வாயும் வியாழனும் காலை ஐந்தரைக்குக் கிளினிக். ஆறு ஐந்துக்கு எல்லாரையும் விட்டுவிட வேண்டும். ஆறு பன்னிரண்டு பஸ் மில் வாசலுக்குப் போய்ச் சேர ஆறு இருபத்தைந்து. மேலதிகாரிகளிடம் அனுமதி வாங்க அவள் ஒன்றரை வருஷம் படியேறினாள். அதற்குள் விதியை மீறிப் பத்து மாதம் நடத்தியும் விட்டாள். முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள். போன வருஷம் லைன் வீடுகளில் பக்கவாதம் ஒன்றே ஒன்று. மேஜைக்கு மேலே மாட்டியிருந்த கணக்குக் காகிதத்தில் அந்த ஒன்றை எழுதியபோதுகூட, அது ஏன் நடந்தது என்று அவளுக்கு இரண்டு நாள் தூக்கமில்லை.

மயானத்துக் காவலாளிக்கு டைம்கீப்பரே போன் போட்டார்.

"ஆபீஸ் எட்டு மணிக்குத்தான் சார் தெறக்கும்."

"நீங்க எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?"

"நானா? நாலரைக்கு. செடிக்குத் தண்ணி ஊத்தணுமே."

"கேட்டு?"

"கேட்டை அஞ்சுக்கே தெறந்துடுவேன். தண்ணி லாரி வரும்."

"குழி?"

"அது இன்னிக்கே வெட்டிடுவாங்க."

"அப்ப எட்டு மணிக்கு என்னதான்யா தெறக்குது?"

"ரெஜிஸ்டர் சார். நீங்க அதுல கையெழுத்துப் போடணும்."

"எட்டு மணிக்கு வந்து போடறேன். அவ எங்கேயும் போயிட மாட்டா."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவருக்கே உறைத்தது. போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுது முடித்தார். திரும்பி வந்தபோது மச்சான் செய்தியைத் திருத்தி அனுப்பியிருந்தார். காலை ஐந்தரை என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'தவறு அல்ல' என்றும் போட்டிருந்தார்.

பிரச்சினையைக் கண்டுபிடித்தவள் மகள்.

"அப்பா, நாளைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"வியாழக்கிழமை அஞ்சரைக்கு அவங்கெல்லாம் எங்க இருப்பாங்க?"

டைம்கீப்பர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரே நேரத்தில், ஒரே ஜனத்துக்கு இரண்டு வண்டி போட்டிருக்கிறார். டெப்போவில் புது ஆள்கூடச் செய்யாத தப்பு. மயானத்துக்கு வந்தால் அவர்களுக்குப் பரிசோதனை போச்சு, மாத்திரையும் போச்சு. அடுத்த முறை செவ்வாய்க்கிழமை. கிளினிக்குக்குப் போனால் அவளைப் பார்க்க முடியாது. அவர்கள் மயானத்துக்குத்தான் வருவார்கள், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவளுக்காக ஐந்து நாள் மாத்திரை இல்லாமல் இருப்பார்கள். அவளுக்கு மட்டும் இது தெரிந்தால், போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்து வந்து திட்டுவாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சின்ன டாக்டர் உள்ளே வந்தாள். டாக்டரம்மாவிடம் ஆறு வருஷம் வேலை பார்த்தவள், இப்போது அந்த விடியற்காலைக் கிளினிக் அவள் பொறுப்பு. அழுது அழுது மூக்கெல்லாம் சிவந்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுல என்ன சார்? கிளினிக்கை அங்க கொண்டு வந்துடறேன். பிரஷர் மெஷின் ரெண்டு, மாத்திரைப் பெட்டி, நோட்டு. கார்ல வெச்சா முடிஞ்சுது."

"மயானத்துலயா?" என்றார் மச்சான். "சாவு வீட்டுக்கு வந்தவங்களுக்குப் பிரஷர் பார்க்கறதா? ஊரே சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும் மச்சான்" என்றார் டைம்கீப்பர். "சிரிச்சா பிரஷர் குறையும்."

மகள் அம்மா இறந்ததிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாள். மச்சானுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பெரியவர் என்ற கௌரவத்தில் இருமிச் சமாளித்தார்.

மறுநாள் ஐந்து இருபதுக்கே மயான வாசலில் நீலக் கோட்டுகள். மில் சீருடையிலேயே வந்திருந்தார்கள். சாப்பாட்டுப் பைகள் தோளில் தொங்கின. பாபின்காரிக்கு இப்போது தலை முழுக்க நரை. தூக்கி வந்தவர்கள் இறக்கியதும், அவள் முன்னால் வந்து டாக்டரம்மாவின் காலைத் தொட்டுவிட்டு, "நேரத்துக்கு வந்துட்டோம்மா" என்றாள். மச்சான் இரண்டு நிமிஷம் பேசுவதாகச் சொல்லியிருந்தார். டைம்கீப்பர் கடிகாரத்தைப் பார்ப்பதைப் பார்த்து ஒரு நிமிஷத்தில் முடித்துக்கொண்டார். எல்லாரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். ஐந்து ஐம்பதுக்குக் குழி மூடியது.

சின்ன டாக்டர் வாசலருகே சிமெண்ட் பெஞ்சில் பெட்டியைத் திறந்தாள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை, வரிசை தானாக நின்றது. பைக்குள்ளிருந்து அட்டைகள் வெளியே வந்தன. அடக்கத்துக்கு வரும்போதும் வியாழக்கிழமை என்று அட்டையை எடுத்து வந்திருந்தார்கள். டைம்கீப்பருக்கு மனம் நிரம்பிவிட்டது. இதைவிடப் பெரிய இரங்கல் கூட்டம் இந்த ஊரில் நடந்திருக்க முடியாது என்று தோன்றியது. நர்ஸ் ஒரு பக்கம், சின்ன டாக்டர் ஒரு பக்கம், மகள் நோட்டில் எழுதினாள். அவர் மாத்திரைப் பட்டைகளை எண்ணிக் கொடுத்தார். இன்னும் சரியாக விடியவில்லை, அதனால் மச்சான் டார்ச்சு பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, நீங்களும் உட்காருங்க" என்று நர்ஸ் மச்சானையும் பிடித்து உட்கார வைத்தாள். இருந்தவர்களிலேயே அவருக்குத்தான் பிரஷர் அதிகம்.

"நேத்து பூரா இவரோட மல்லுக்கட்டினா ஏறாம என்ன செய்யும்?" என்றார் மச்சான். மாத்திரையை மட்டும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்.

ஆறு ஐந்துக்குக் கடைசி அட்டை முடிந்தது. நீலக் கோட்டுகள் சாலையைக் கடந்தன. அந்த வழியாகவே வரும் ஆறு பன்னிரண்டு பஸ் ஒரு நிமிஷம்கூடப் பிசகாமல் வந்து, அவர்களை அள்ளிக்கொண்டு போனது. சங்கத்துக்காரர்களின் கார்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. மச்சானும் மகளும் அவர்களை எதிர்கொள்ளப் போனார்கள்.

டைம்கீப்பர் வெறும் பெட்டியின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இனி எத்தனை மணிக்கு என்ன செய்ய வேண்டும் என்று யோசித்தார். எட்டு மணிக்குக் கையெழுத்து. அதற்குப் பிறகு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"சார், உங்களுக்குப் பார்க்கலையே" என்றாள் சின்ன டாக்டர்.

"எனக்கு எதுக்கும்மா? எனக்கு அவ பார்ப்பா."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய சட்டைக் கையை மடித்துவிட்டாள். பிரஷர் மெஷினின் பட்டையைச் சுற்றினாள். முப்பத்தெட்டு வருஷமாக அந்தக் கையில் வேறு யாரும் அதைச் சுற்றியதில்லை. அவர் முஷ்டியை இறுக்கி வைத்துக்கொண்டு, புது மண் கிடந்த பக்கம் பார்த்தார்.

"கையைத் தளர விடுங்க சார்."

விட்டார்.