அறைக்குள் தமிழ் கிடையாது

முதல் வகுப்பிலேயே விதிகளைச் சொல்லிவிடுவது என் வழக்கம். ஆறு மணிக்குக் கதவு மூடப்படும். போன் பையை விட்டு வெளியே வரக் கூடாது. அறைக்குள் தமிழ் கிடையாது. தெரியாவிட்டால் கையைக் காட்டுங்கள், முகத்தைக் காட்டுங்கள், தெரிந்த நாலு ஸ்பானிஷ் சொல்லை வைத்துக்கொண்டு குட்டிக்கரணம் போடுங்கள். கேட்ட கேள்விக்கு முழு வாக்கியத்தில் பதில் சொல்லியாக வேண்டும். பேச்சுப் பயிற்சிக்கு யாரோடு யாரைச் சேர்க்கிறேனோ அவர்கள்தான் பரீட்சை வரை ஜோடி, மாற்றித் தர மாட்டேன். முன்பு ஒரு முறை மனம் இளகி ஒருத்திக்கு மாற்றிக் கொடுத்தேன். அந்த வாரமே பாதி வகுப்பு என் மேஜை முன்னால் வந்து நின்றது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற கூட்டம்.

ஜோடி சேர்க்க நான் மூளையைச் செலவழிப்பதில்லை. பதிவு எண் வரிசைப்படி இரண்டிரண்டு பேர். அப்படித்தான் எடைமேடைக்காரரும் லேப் அம்மாவும் சேர்ந்தார்கள். அவர் லாரிகளுக்கு எடை போடும் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இன்னும் வேலை பார்ப்பவர், ஊசி குத்துகிற கைக்கு உரிய நிதானம் பேச்சிலும் இருந்தது. அவர் ஜன்னலோரம் உட்காருவார், அம்மா கதவோரம். பயிற்சி நேரத்தில் மட்டும் எதிரெதிரே நாற்காலியைத் திருப்பிக்கொள்வார்கள். முதல் நாள் அவர் பெயரைக் கேட்டார், அம்மா சொன்னார். எந்தத் தெரு என்று கேட்டார், சொன்னார். திருப்பிக் கேட்டதற்கு அவரும் அதே தெருவைச் சொன்னார். அக்கம்பக்கத்து வீடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வகுப்பிலேயே நல்ல ஜோடி அதுதான். மற்றவர்கள் இரண்டு வாக்கியத்துக்குள் தமிழுக்கு வழுக்கிவிடுவார்கள், இவர்கள் வழுக்கவே இல்லை. அவர் பாடத்தில் வராத சொற்களையெல்லாம் தேடிப் பிடித்துக்கொண்டு வருவார். காபிக்குச் சர்க்கரை வேண்டுமா என்பது பாடத்தில் இருக்கிறது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது, மாத்திரை தீர்ந்துவிட்டதா என்பதெல்லாம் எந்தப் பாடத்திலும் இல்லை. அம்மா ஒரு கணம் என்னைப் பார்ப்பார். விதி விதிதானே. வலி குறையவில்லை, மாத்திரை இருக்கிறது என்று முழு வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் குனிந்துகொள்வார். சர்க்கரை வேண்டாம், விட்டுவிட்டேன் என்று அம்மா சொன்ன அன்று அவர் அடுத்த கேள்வியைக் கேட்க மறந்துபோனார். எனக்கு அவர்மேல் தனி அபிமானமே வந்துவிட்டது. மற்ற மாணவர்களிடம் அவரை உதாரணம் காட்டினேன்.

பருவத்தின் பாதியில் மாணவர் உதவிப் பிரிவில் இருக்கும் பெண் என்னைத் தேடி வந்தாள். எதற்கெடுத்தாலும் பரிந்து பேசுகிறவள், அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். லேப் அம்மா ஜோடி மாற்றம் கேட்டிருக்கிறாராம்.

"ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டி டீச்சர். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். மகள் வெளிநாட்டில் கட்டிக்கொண்ட இடத்தில் ஸ்பானிஷ் தவிர வேறு பேச்சு இல்லை. சம்பந்தி வீட்டில் போய் ஊமையாக உட்காரக் கூடாதென்று எடைமேடைக்காரர்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருக்கிறார். ஆனால் வீட்டில் ஒரு வருஷத்துக்கும் மேலாகப் பேச்சுவார்த்தை இல்லை. அம்மாவுடைய அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தார். உடனே வரச் சொல்லி ராத்திரி போன் வந்திருக்கிறது. இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து அம்மா அப்போதுதான் படுத்திருந்தார். தூங்கட்டும், விடிந்ததும் சொல்லலாம் என்று இவர் எழுப்பவில்லை. விடிவதற்குள் அக்கா போய்விட்டார். அன்றிலிருந்து சாப்பாடு எடுத்து வைப்பது, துணி மடித்து வைப்பது எல்லாம் நடக்கிறது, வாய் மட்டும் திறப்பதில்லை.

"விதிய மாத்த வேணாம் டீச்சர். இந்த ஒரு ஜோடிய மட்டும் பிரிச்சு விட்டுருங்க."

ஆளுக்கொரு காரணம் இருக்கத்தான் செய்யும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்களைச் சேர்த்து வைக்க நினைத்தேன் என்று யாராவது சொன்னால் அது பொய். எனக்கு எரிச்சலாக இருந்தது, அவ்வளவுதான். உதாரணம் காட்டியதை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

பேச்சுப் பரீட்சைக்கு ஜோடி ஜோடியாக உள்ளே கூப்பிடுவேன். கவிழ்த்து வைத்த அட்டைகளை ஆளுக்குச் சிலவாக எடுத்து, அதில் இருப்பதைக் கேட்க வேண்டும். ஓர் அட்டையைக் கேட்காமல் விட்டாலும், ஒரு வார்த்தை தமிழ் வந்தாலும், பரீட்சை அந்த இடத்தோடு முடிந்தது. இருவருமே மறுபடி முதலிலிருந்து வந்து படிக்க வேண்டியதுதான். இந்த ஜோடிக்கு மகள் வீட்டுக்குப் போகும் பயணமும் தள்ளிப்போகும்.

வேலை, வானிலை, கடைகண்ணி என்று எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அவர் கடைசி அட்டையை எடுத்துப் பார்த்தார். உடன்பிறந்தவர்கள் என்று போட்டிருந்தது. அதை மறுபடி கவிழ்த்து வைத்துவிட்டு மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேளுங்கள் என்று பேனாவால் தட்டினேன். கேட்கவில்லை.

அம்மா கையை நீட்டி அட்டையைத் திருப்பினார். படித்தார். பிறகு என்னைப் பார்த்து ஸ்பானிஷில், பாடத்தில் கற்ற சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னார். எனக்கு ஓர் அக்கா. அக்காவுக்கு நீளமான முடி. அக்காவுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும். ஒரு பிழை இல்லை. சொல்லி முடித்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்னை எழுப்பியிருக்கணும்."

அவரும் தமிழிலேயே சொன்னார். "ரெண்டு ஷிஃப்ட் பாத்துட்டு வந்து படுத்திருந்தே..."

"எழுப்பியிருக்கணும்."

"ஆமா," என்றார் அவர். "எழுப்பியிருக்கணும்."

நான் மதிப்பெண் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அடுத்த ஜோடி, கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர், பெஞ்சில் உட்கார்ந்து உருப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சுதா டீச்சர்?"

"இல்ல. நடந்துட்டிருக்கு."

உள்ளே அம்மாவின் குரல் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது, அழுகையா கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். பெண்களில் ஒருத்தி தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள். உள்ளே கேட்பது ஸ்பானிஷ் இல்லை என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. நான் கைப்பிடியைப் பிடித்தபடி கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன்.