முன்னுரிமைப் பங்கு

அப்பாவின் வலது கை சட்டைக்குள் நுழைய மறுத்தது. மகள் முழங்கையை மெல்ல மடக்க, லேத்துக்காரர் தோளைத் தூக்கிப் பிடித்தார். அப்பா இருந்த பம்ப் கம்பெனியில் முப்பது வருஷம் லேத் மெஷின் ஓட்டியவர். காலையில் சாவுச் செய்தி சொன்னதும் ஓடி வந்த முதல் ஆள் அவர். மத்தியானம் ஆகியும் வேறு ஆள் வரவில்லை.

"இந்தச் சட்டையா?" என்றார்.

"பீரோவுல இது ஒண்ணுதான் கிழிசல் இல்லாம இருந்துச்சு மாமா."

பங்குதாரர் கூட்டத்துக்கென்றே வைத்திருந்த வெள்ளைச் சட்டை அது. கம்பெனி தள்ளாடத் தொடங்கியபோது, ஓய்வு பெற்றவர்களுக்குப் பணத்துக்குப் பதில் சாதாரணப் பங்குகளைக் கையில் திணித்திருந்தார்கள். அதில் ஒரு பைசா லாபம் வந்ததில்லை. ஆனால் வருஷம் தவறாமல் அழைப்புக் கடிதம் வரும். வேறு யாரும் அவரை எங்கேயும் அழைத்ததில்லை. அப்பா முதல் வரிசையில் போய் உட்கார்ந்து, முறை வந்ததும் எழுந்து, மூன்றாவது ஷெட்டின் கூரையை எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்பார். "குறிச்சுக்கிட்டோம், உட்காருங்க" என்பார் சேர்மன். அப்பாவுக்கு அதில் பரம திருப்தி. வருஷா வருஷம் இதே கேள்வி, இதே பதில். கூட்டாளிகள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே 'கூரை'தான்.

இந்த வருஷம் ஒரு படிவம் வந்தது. விரும்பினால் முன்னுரிமைப் பங்காக மாற்றிக்கொள்ளலாம். மகள் வங்கியில் கடன் பிரிவில் இருப்பவள், மூழ்குகிற கம்பெனிகளைப் பார்த்துப் பழகியவள். போனில் அப்பாவைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"கம்பெனி நாளைக்கே கவுந்தா, மிஞ்சினதை முதல்ல முன்னுரிமைக்காரங்களுக்குத்தான் குடுப்பாங்க. உங்க பங்கு வரிசையில கடைசிப்பா."

"கடைசியில நின்னாலும் பேச விடறாங்கம்மா. முன்னுரிமைப் பங்குல ஓட்டு கிடையாதாமே, கூட்டத்துக்கும் கூப்பிட மாட்டாங்களாமே?"

"ஓட்டை வெச்சு என்ன கிழிக்கப் போறீங்க? உங்களை யாரு கேக்கறாங்க?"

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அப்பா. மறுநாளே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அவள் சொன்னது சரிதான். இன்றைக்கும் அதில் தப்புச் சொல்ல எதுவுமில்லை.

லேத்துக்காரர் சட்டைக்குப் பொத்தான் போடும்போது அவளுக்குப் பேச்சுக்கு ஏதாவது வேண்டியிருந்தது. "போன வாரம் கூட்டம் நடந்துச்சா மாமா?"

லேத்துக்காரர் பொத்தானிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நடந்துச்சு. அவனும் வந்தான்."

"அப்பாவா? அவருக்கு அழைப்பு வந்திருக்காதே."

"வரலைதான். இதே சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து நின்னான். லிஸ்டுல பேர் இல்லைன்னு வாசல்லயே நிறுத்திட்டாங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு நான் வெளிய வந்தா, அதே இடத்துல நிக்கறான். கூரையைப் பத்திக் கேட்டியாடான்னான்."

"கேட்டீங்களா?"

"மறந்துட்டேம்மா."

வாசலில் அவரை நிறுத்தியது காவலாளி அல்ல, தான்தான் என்று அவளுக்குப் பட்டது. சட்டையை இழுத்துச் சரி செய்தபோது பையில் ஏதோ சரசரத்தது. நான்காக மடித்த தாள். நிமிர்ந்து நின்று பிரித்தாள். அப்பாவின் குண்டு குண்டான எழுத்து.

வாய்விட்டுப் படித்தாள். "சேர்மன் ஐயாவுக்கு வணக்கம். நான் வார்ப்புப் பிரிவு, முப்பத்தோரு வருஷ சர்வீஸ். மூணாவது ஷெட் கூரையை இந்த வருஷமாவது மாத்துவீங்களா? மழை பெஞ்சா பசங்க நனைஞ்சுக்கிட்டே வேலை பார்க்கறாங்க."

லேத்துக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சுவரோரம் இருந்த நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உட்காரும்மா. காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கே."

அவள் தாளைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள்.