ஐந்நூற்றுக்கு உள்ளே

டெய்லருக்குச் சில நாட்களாகவே இருப்புக் கொள்ளவில்லை. மின்சார ரீடிங் எடுக்கும் ஆள் வர வேண்டிய தேதி வந்து போய்விட்டது, ஆளைத்தான் காணோம். அவர் வரவில்லை என்பதற்காக மீட்டர் நிற்குமா? அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங். ஐந்நூறு யூனிட்டுக்குள் இருந்தால் பில் பசு. ஒன்று தாண்டினால் புலி. தாண்டிய அந்த ஒன்றுக்கு மட்டும் விலை ஏறினால் பரவாயில்லை. முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் ஏறிவிடும். ஒரு பையன் பேசினதற்கு வகுப்பையே முட்டி போடச் சொல்லும் வாத்தியார் மாதிரி.

ஆனால் டெய்லரின் தவிப்புக்குக் காரணம் காசு இல்லை, வாய். மனைவிக்கு மணிக்கட்டு வீங்கி ஈரத்துணி பிழிய முடியாமல் போனதால் வாஷிங் மெஷின் வாங்கினார்கள். அதை இறக்கிவைத்த கூலிக்காரர்கள் முன்னால், யாரும் கேட்காமலேயே, டெய்லர் மார்தட்டினார்.

"இது வந்ததால கரண்டு ஐந்நூறைத் தாண்டுச்சுன்னு வைங்க, மறுநாளே இதை வீட்டை விட்டு அனுப்பிடுவேன். அப்புறம் இந்த வீட்டுத் துணி பூரா என் கையாலதான்!"

"சரிங்க" என்றாள் மனைவி.

அவள் ஒரே சொல்லில் முடித்த எதுவும் இதுவரை மாறியது கிடையாது. டெய்லர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் துணி துவைத்திருக்கிறார். அன்று வெள்ளைச் சட்டை நீலமாகிவிட்டது. நீலச் சட்டை வெள்ளையாகிவிட்டது. இரண்டையும் இடம் மாற்றி மடித்து வைத்துச் சமாளித்தார். தினம் தினம் அப்படி அதிர்ஷ்டம் அடிக்குமா?

அதனால் கடைசி வாரங்களில் வீட்டில் சிக்கனம் கொடிகட்டிப் பறந்தது. தையல் மெஷினின் மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காலால் மிதித்தார். ஃபிரிட்ஜை அணைத்து, அதில் நூல்கண்டுகளை அடுக்கினார். அயர்ன் பாக்ஸுக்கும் ஓய்வு கொடுத்தார். தைத்த பேண்ட்டுகளை நாற்காலியில் விரித்து, கனமான வாடிக்கையாளர்களை அதன்மேல் உட்காரவைத்து, உலக விஷயம் பேசினார். மடிப்பு அவ்வளவு கூர்மையாக விழுந்ததில், ஒருவர் தம் பேண்ட்டாலேயே விரலை அறுத்துக்கொண்டார்.

மிச்ச நேரமெல்லாம் மீட்டருக்கு எதிரே நின்றார். அதன் சிவப்பு விளக்கு சிமிட்டும் ஒவ்வொரு சிமிட்டலும் அவர் நெஞ்சில் ஊசி ஏற்றியது. முறைத்துப் பார்த்தார். முறைத்தால் அது கொஞ்சம் மெதுவாகச் சிமிட்டியது என்னவோ உண்மை. ஆனால் மனுஷன் எவ்வளவு நேரம்தான் முறைப்பான்?

"என்னங்க, குட்டி போட்ட பூனை மாதிரி எத்தனை தடவை சுத்துவீங்க? தரை தேயுது."

"நானூத்தித் தொண்ணூத்தெட்டு!"

"என் வயசா?"

"யூனிட்டு!"

மறுநாள் மீட்டர் ஐந்நூறைத் தொட்டு நின்ற நேரத்தில், வேர்த்து விறுவிறுக்க ரீடிங்காரர் வந்தார். பெற்ற பிள்ளை திரும்பி வந்தால்கூட டெய்லர் அப்படி ஓடியிருக்க மாட்டார்.

"வாங்க, வாங்க! சரியா ஐந்நூறு. அழுத்துங்க!"

ரீடிங்காரர் பையிலிருந்து கருவியை எடுத்தார். தட்டினார். குலுக்கினார்.

"செத்துப்போச்சு சார்."

"ஐயோ, யாரு?"

"இதுதான். சார்ஜ் இல்லை. ஒரு அரை மணி நேரம் உங்க பிளக்ல சொருகிக்கட்டுமா?"

கிட்னியைக் கேட்டிருந்தால்கூட டெய்லர் யோசித்துப் பார்த்திருப்பார். "காகிதத்துல எழுதிக்கக் கூடாதா?"

"இப்பல்லாம் எங்களுக்குப் பேனாவே குடுக்கறதில்லை சார்."

பக்கத்து வீடுகள் இரண்டும் பூட்டிக் கிடந்தன. எதிர்வீடு மட்டும் திறந்திருந்தது. அது தங்கை வீடு. தங்கை புருஷனான மருந்துக்கடைக்காரருக்கு டெய்லரோடு பேச்சு வார்த்தை இல்லை. டெய்லர் தைத்த பேண்ட்டில் ஒரு கால் நீளமாக இருந்தது சண்டைக்குக் காரணமில்லை. "பேண்ட்டு சரியாத்தான் இருக்கு மச்சான், உங்க கால்ல ஒண்ணுதான் குட்டை" என்று டெய்லர் சொன்னதுதான் காரணம்.

டெய்லர் மானத்தைக் கழற்றித் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு, கருவியோடு தெருவைக் கடந்தார்.

"அண்ணே! வழி தப்பி வந்துட்டியா?" என்றாள் தங்கை.

மருந்துக்கடைக்காரர் தலை தூக்கவில்லை. "அளவெடுக்க வந்திருப்பார். கையையாவது ஜோடியா வச்சிருக்கேனான்னு பார்க்க."

"மச்சான், ஒரு பிளக் மட்டும் குடுங்க. உங்களுக்கும் ரீடிங் நேரம்தான், தெரியும். ஆனா..."

"எங்களுக்கு ஏது? இந்தப் பக்கத்துக்குப் போன மாசமே எடுத்தாச்சு. இனிமே அடுத்த மாசம்தான். ரெண்டு பக்கத்தையும் ஒரே மாசத்துல நடக்க அந்த ஆளுக்கு முட்டி வலியாம், பிரிச்சுட்டாங்க. சொருகுங்க, சொருகுங்க. நமக்கு இன்னும் பாதிகூட ஆகலை."

டெய்லர் சொருகினார். உட்கார்ந்தார். எழுந்தார். ஜன்னல் வழியாகத் தன் வீட்டைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"முள்ளு மேல உக்காந்த மாதிரி நெளியாதீங்க மச்சான்" என்றார் மருந்துக்கடைக்காரர். "என்ன விஷயம்?"

டெய்லர் சொன்னார். மருந்துக்கடைக்காரர் கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தார். அதற்குப் பிறகு பேசாமல் இருப்பது எப்படி? காபி வந்தது. கருவியும் கண் திறந்தது.

அதைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டெய்லர் ஓடி வந்தார். வாசலிலேயே அந்தச் சத்தம் கேட்டது. ஃபேன். உள்ளே ரீடிங்காரர் முழு வேகக் காற்றில் முடி பறக்கத் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மிக்ஸியில் அடித்த பழச்சாறு, பாதி குடித்தது.

"ஃபேனை யாரு போட்டது?"

"நான்தான். வந்த மனுஷனை வேக்காட்டுல உக்காரவச்சு வேடிக்கை பார்க்கச் சொல்றீங்களா?"

ரீடிங்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கருவியை அழுத்தினார். ஐந்நூற்று ஒன்று.

"அருமையான காத்துங்க உங்க வீட்டுல" என்று சொல்லி, பில்லைக் கொடுத்துவிட்டுப் போனார்.

டெய்லர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பக்கெட்டோடு குளியலறைக்குள் போனார். உள்ளே போர்வைக்கும் அவருக்கும் பெரிய யுத்தம் நடந்தது. கடைசியில் போர்வைதான் அவரைப் பிழிந்தது. மனைவி கதவோரம் நின்று பார்த்தாள். இரக்கம் யார் மேல் வந்ததோ, துணி மேலா, புருஷன் மேலா, தெரியாது.

"போதும், எழுந்திருங்க. மெஷினை வீட்டை விட்டு அனுப்பறேன்னுதானே சொன்னீங்க? எங்கேன்னு சொல்லலையே."

"ஏன், எங்கே அனுப்பறது?"

"உங்க தங்கச்சி வீட்டுக்குத்தான். அங்க மீட்டரு இன்னும் பாதிகூட ஆகலைன்னு இப்பத்தானே உங்க மச்சான் சத்தம் போட்டுச் சொன்னாரு? தெருவுக்கே கேட்டுச்சு. ரெண்டு வீட்டுத் துணியையும் சேர்த்து ஒரே ஓட்டாப் போட்டா பாதிதான் இழுக்கும். அங்க ஒரு மாசம், இங்க ஒரு மாசம். யாருக்கும் தாண்டாது."

அன்றிலிருந்து மாதம் தவறாமல் அந்த வாஷிங் மெஷின் தெருவைக் கடக்கிறது. ஒரு பக்கம் டெய்லர், மறுபக்கம் மருந்துக்கடைக்காரர். அது போகிறவரைக்கும் பஸ் நிற்கும். பயணிகள் இறங்கி, தங்கள் துண்டையும் உள்ளே போட்டுவிட்டு ஏறுவார்கள். டெய்லர் மனைவியின் மணிக்கட்டு வீக்கம் சுத்தமாக வடிந்துவிட்டது. மறுபடி வளையல் போடுகிறாள்.

டெய்லருக்குத்தான் இன்னும் இருப்புக் கொள்ளவில்லை. முன்பு ஒரு மீட்டரை முறைத்தால் போதும். இப்போது தெருவின் இரண்டு பக்கமும் ஓடி ஓடி முறைக்க வேண்டியிருக்கிறது.