நீல ட்ரம்மில் வந்த பூவாடைக்காரி

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மோட்டாரைப் போட்டு, வாசலில் இருந்த நீல பிளாஸ்டிக் ட்ரம்மைத் தேய்த்துக் கழுவி நிரப்பிக்கொண்டிருந்தார் கோதண்டம். இரண்டு வருடத்துக்கு முன் செத்துப்போன அவர் மனைவி சாமுண்டீஸ்வரி அதிலிருந்துதான் எழுந்து வர வேண்டும்.

பூவாடைக்காரியைக் கேட்காமல் அந்தக் குடும்பத்தில் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. சுமங்கலியாகச் செத்துப் பூவாடைக்காரி ஆனவளைப் பம்பை மேளம் அடித்துத் தண்ணீரிலிருந்து அழைப்பார்கள். அவள் உறவுக்காரர் யார் மேலாவது இறங்கிச் சம்மதம் சொல்வாள். முன்பெல்லாம் இது கிணற்றடியில் நடக்கும். பட்டாபிராமில் கிணறு இருந்த இடத்தில் இப்போது பக்கத்து வீட்டுக்காரரின் கார் நிற்கிறது. ஆவியும் ட்ரம்மோடு அனுசரித்துப் போக வேண்டியதுதான்.

மகள் ஜோதிகாவுக்கும் மண்ணூர்பேட்டை கிஷோருக்கும் தை மாதம் கல்யாணம். இருவரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்துப் பழகியவர்கள். பையன் வீட்டார் வந்து பேசி, கோதண்டமும் தலையாட்டியாகிவிட்டது. செத்துப்போன அம்மாவின் சம்மதம் ஒன்றுதான் பாக்கி.

குமணன்சாவடியிலிருந்து வந்த பம்பைக்காரர் ஜம்புலிங்கம் அடிக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் கோதண்டத்தின் தங்கை ராணி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஆட ஆரம்பித்தாள். யாரும் ஆச்சரியப்படவில்லை. அந்தக் குடும்பத்தில் யார் செத்தாலும் ராணி மேல்தான் வருவார்கள்.

“யாரு வந்துகீறதுன்னு சொல்லு தாயி” என்றார் ஜம்புலிங்கம்.

“நான் சாமுண்டி! என் பொண்ண சொந்தத்த வுட்டு அசல்ல குடுக்கப் பாக்கறாங்களே! மண்ணூர்பேட்ட சம்மந்தம் வேணாம். ராணி மவன் சரணுக்குக் குடுங்க. மீறினா தாலி நிக்காது!”

கோதண்டம் தடாலென்று ராணியின் காலில் விழுந்து அழுதார். அந்த அழுகையில் பொய் கிடையாது.

“உன் பேச்ச மீற மாட்டேன் தாயி. இப்பவே போன் போட்டு நிறுத்திடறேன்.”

சொன்னதோடு நிற்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனையும் எடுத்துவிட்டார்.

“இரு நைனா” என்றாள் ஜோதிகா. “அம்மா சொன்னா கேப்பியா நீ?”

“அவ பேச்ச நான் எப்பம்மா தட்டிக்கீறேன்?”

“மூச்சு வாங்குது, படி ஏற முடியலன்னு எத்தினி தபா சொல்லிச்சு? தைலம் தடவுன்னுட்டு டூட்டிக்குப் போயிட்ட. கிஷோரப் பாத்துட்டு வந்து, ‘புள்ள நல்ல புள்ளையா கீது, பேசி முடிங்க’ன்னு உனக்கு சோறு போட்டுக்கினே சொல்லிச்சு. நீ டிவிலருந்து தலையக்கூட திருப்பல. இப்ப கால்ல வுழற. இந்த ஊட்ல பொம்பள பேச்சு எடுபடணும்னா ஒண்ணு செத்துப் போவணும், இல்ல சாமி வரணும்!”

பம்பை நின்றுவிட்டது. கோதண்டத்துக்கு அந்தச் சாப்பாடு ஞாபகம் வந்தது. பதிலுக்காகச் சாமுண்டி கரண்டியோடு சற்று நேரம் நின்றதும், பிறகு ஒன்றும் பேசாமல் குழம்பை மூடி வைத்ததும் கண் முன்னால் வந்தன. அன்றைக்கு டிவியில் என்ன ஓடியது என்பதுதான் நினைவில்லை. அதன்பிறகு ஒரு மாதம்கூட அவள் இருக்கவில்லை.

ராணியின் ஆட்டமும் அடங்கியிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து, தலையைத் தூக்காமல் இருந்தாள். கோதண்டம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ராணி, சரணுக்குக் கேக்கணும்னா நீயே வாயத் தொறந்து கேட்டிருக்கலாமே?”

“ரெண்டு தபா கேட்டேண்ணா. ‘உக்காரு, காபி குடி’ன்ன.”

கோதண்டம் அவள் முகத்தில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

“அண்ணி வந்துச்சா இல்லியான்னு எனக்கே தெரியலண்ணா” என்றாள் அவள். “பம்ப அடிச்சா வாயி தானா பேசுது. மனசுல கீறதுதான் வருது. அப்பத்தானே எல்லாரும் காது குடுக்கறீங்க?”

கோதண்டம் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“ஜம்புலிங்கம், பம்பைய எறக்கி வைப்பா. சாமுண்டி அன்னிக்கே சம்மதம் சொல்லிட்டா. நான்தான் காதுல வாங்கல. செத்தவங்க சொல்ல வேண்டியத உசுரோட இருக்கறப்பவே சொல்லிட்டுத்தான் போறாங்க. அப்பல்லாம் காத மூடிக்கினு, அப்பறம் பம்ப அடிச்சுக் கூப்டா யாரு வருவாங்க? நம்ம ஆசைதான் அவங்க பேர சொல்லிக்கினு வரும். மொதல்ல உசுரோட கீறவங்க பேச்சக் கேக்கக் கத்துக்கணும்.”

பிறகு மகளைப் பார்த்தார். “தை மாசக் கல்யாணம் நடக்கும்மா.”

ஜோதிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோதண்டம் திரும்பவும் தங்கையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“சரணுக்குப் பொண்ணு பாக்கறது என் பொறுப்பு. நீ சொல்லு ராணி, கேக்கறேன். எந்த மாதிரி பொண்ணு வேணும்?”

ராணி கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, தன் குரலிலேயே பேச ஆரம்பித்தாள்.